பேட்டரி கார்: புதுசா, பழசா? 91 பேட்ச் பிள்ளைகளுக்கு ஒரு பதில்



ஒரு வாரமாக 91-ஆம் வருடத்து எஸ்.எஸ்.எல்.சி. பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுவில் ஒரே விவாதம். நம் ஊர் கோயிலில் வயதானவர்களும் நடக்க முடியாதவர்களும் ஏறிப்போக ஒரு பேட்டரி கார் வாங்கித் தருவது என்று முடிவு செய்திருக்கிறீர்கள். சந்தோஷம். ஆனால் புதுசு வாங்குவதா, ரீகண்டிஷன் செய்ததை வாங்குவதா என்பதில் இரண்டு கட்சியாகி, கடைசியில் "சார் சொல்லட்டும்" என்று என் தலையில் கட்டிவிட்டீர்கள். குழுவில் எழுதினால் நாற்பது குட்மார்னிங் படங்களுக்கு நடுவில் காணாமல் போய்விடும். அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் எனக்கு இதில் என்ன அக்கறை என்று சொல்லிவிடுகிறேன். என் அக்காவை உங்களில் பலருக்குத் தெரியும். டியூஷனுக்கு வரும்போது சுண்டல் கொடுத்த அதே அக்காதான். இப்போது 82 வயது. இரண்டு முழங்காலும் போய்விட்டது. ஆட்டோ வைத்து கோபுர வாசல் வரை வந்துவிடுகிறார். அங்கிருந்து சன்னதி வரைக்கும் கருங்கல் தளம், வெயில் நேரத்தில் தோசைக்கல். இரண்டு வருடமாக வாசலிலேயே கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார். ஸ்ரீரங்கத்தில் பார்த்திருப்பீர்கள், ஏழு பிராகாரம், 156 ஏக்கர். அங்கே பேட்டரி கார் இருப்பதால் எத்தனை தாத்தா பாட்டிகள் பெருமாளைப் பார்க்கிறார்கள்! அந்த வசதி நம் ஊருக்கும் வந்தால் முதல் சவாரி அக்காவுக்குத்தான் என்று நானே மனசுக்குள் சீட்டுப் போட்டு வைத்திருக்கிறேன். ஆகவே நான் நடுநிலையாளன் இல்லை. ஓடுகிற வண்டியின் கட்சி.

இனி விஷயத்துக்கு வருவோம்.

நாம் பேட்டரி கார் என்று சொல்வதை வெளிநாட்டில் கோல்ஃப் கார்ட் என்பார்கள். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்து அகஸ்டாவில் 1954-இல் தொடங்கிய ஈ-ஸி-கோ கம்பெனியும், அதே ஊரின் கிளப் கார் கம்பெனியும் இதில் பெரிய பெயர்கள். அதே மாநிலத்தில் பீச்ட்ரீ சிட்டி என்று ஓர் ஊர். 160 கிலோமீட்டருக்கு இந்த வண்டி போகிற பாதை போட்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூட இதில்தான் போகிறார்கள். கோல்ஃப் மைதானங்கள் வண்டிகளை மூன்று நான்கு வருடக் குத்தகைக்கு எடுத்து ஓட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடும். அவற்றைப் பிரித்து, பழுது பார்த்து, புது பேட்டரி போட்டு விற்பது அங்கே பெரிய வியாபாரம். நம் பக்கத்தில் ரிசார்ட்டிலும் ஐ.டி. கம்பெனி வளாகத்திலும் ஓடிய வண்டிகள் அப்படிக் கைமாறுகின்றன. ஆக, ரீகண்டிஷன் வண்டி என்றாலே காயலான் கடைச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். நல்லதும் உண்டு, பெயின்ட் அடித்த பிணமும் உண்டு.

துபாயில் இருக்கும் தம்பி எழுதியிருந்தான்: "சார், தானம் கொடுக்கும்போது பழசைக் கொடுக்கலாமா? கடோபநிஷதத்தில் நசிகேதன் கதையை நீங்கள்தானே சொன்னீர்கள்?" சொன்னேன், மறக்கவில்லை. அப்பா யாகத்தில் கறவை வற்றிய கிழட்டுப் பசுக்களைத் தானம் கொடுத்தார். பையனுக்குப் பொறுக்கவில்லை. ஆனால் தம்பி, அந்த மாடு பால் கொடுக்காது என்பதுதான் அங்கே குற்றம். வயது மட்டும் காரணமில்லை. ஆறு வருடம் ஓடிய வண்டி இன்னும் ஆறு வருடம் ஓடுமென்றால் அது கறவை மாடு. புத்தம் புதுசாக வந்து எட்டாவது மாதம் நின்றுபோனால் அது மலட்டு மாடு, நெற்றியில் எவ்வளவு சந்தனம் இட்டாலும்.

நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே. வாங்குகிறவனுக்குச் சொன்னது அது. வாங்குகிறவன் பார்க்கக் கூடாது என்றால், அந்த வேலை யாருடையது? கொடுக்கிறவனுடையது. சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவதற்கு முன்னால் என் தாத்தா மாட்டின் பல், சுழி, குளம்பு எல்லாம் பார்ப்பார். கொஞ்ச தூரம் நடக்க விட்டும் பார்ப்பார். கோயில் நிர்வாகம் உங்கள் வண்டியில் குற்றம் சொல்லாது, சொல்லவும் முடியாது. ஆகவே நீங்கள்தான் பல்லைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். இது புதுசுக்கும் பொருந்தும்.

இப்போது ஒரு பழைய பாவத்தை ஒப்புக்கொள்கிறேன். 2005 வாக்கில் நான் பொறுப்பில் இருந்த பள்ளியில் கம்ப்யூட்டர் அறைக்கு இன்வெர்ட்டரும் பேட்டரிகளும் வாங்கினோம். புத்தம் புதுசு. பெற்றோர் சேர்ந்து கொடுத்த பணம். தேங்காய் உடைத்து, குங்குமம் வைத்து, போட்டோவும் எடுத்தோம். கோடை விடுமுறையில் அறையைப் பூட்டிவிட்டு வந்துவிட்டேன். ஏப்ரல், மே, தஞ்சாவூர் வெயில். ஜூனில் திறந்து பார்த்தால் தண்ணீர் வற்றி, தகடுகள் வெளுத்துக் கிடந்தன. ஒன்றரை வருடம்கூட ஓடவில்லை. கரண்ட் பற்றி முப்பது வருடம் பாடம் நடத்திய பௌதிக வாத்தியார், மாதம் ஒருமுறை டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற ஓர் ஆளை ஏற்பாடு செய்யவில்லை. கம்பெனி மேல் ஒரு குற்றமும் இல்லை. கொன்றது நான்.

அதனால்தான் சொல்கிறேன், விலைப்பட்டியலை மட்டும் வைத்து முடிவு எடுக்காதீர்கள். உங்கள் கணக்கையே போட்டுப் பார்க்கிறேன். கையில் இருப்பது 6,10,000 ரூபாய். ஆறு பேர் உட்காரும் புது வண்டிக்கு வந்த விலை 5,40,000. மிச்சம் 70,000. சார்ஜ் போட பிளக் பாயின்ட்டோடு ஒரு கொட்டகைக்கு 40,000 போனால் 30,000 நிற்கும். காலை மூன்று மணி நேரம், மாலை மூன்று மணி நேரம் ஓட்ட ஓர் ஆளுக்கு மாதம் 7,000 என்றால் நான்கு மாதம் தள்ளலாம். அப்புறம்?

ரீகண்டிஷன் வண்டி, புது பேட்டரி செட்டோடு 2,85,000. மிச்சம் 3,25,000. கொட்டகைக்கு 40,000. அடுத்த பேட்டரி செட்டுக்கு என்று 75,000 தனியாக வங்கியில் போடுங்கள். பாக்கி 2,10,000. அதே சம்பளத்துக்கு முப்பது மாதம் ஆள் நிற்பான். அதற்குள் நீங்கள் இரண்டு முறை கூடிவிடுவீர்கள், மேற்கொண்டு பார்த்துக்கொள்ளலாம்.

வேறோர் ஊரில் நானே பார்த்தேன், பெயர் வேண்டாம். யாரோ புண்ணியவான்கள் கொடுத்த புது பேட்டரி கார், மதிலோரம் தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது. டயரில் காற்று இல்லை. உபயதாரர் பெயர் எழுதிய பித்தளைத் தகடு மட்டும் பளபளவென்று இருக்கிறது. ஓட்ட ஆள் இல்லையாம், பேட்டரி உட்கார்ந்துவிட்டதாம். நம் வண்டி அப்படி நிற்கக் கூடாது.

எனவே என் ஓட்டு ரீகண்டிஷன் வண்டிக்கு. ஆனால் கீழே உள்ள பரீட்சையில் பாஸ் ஆனால் மட்டும். மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கும் நம் தம்பி நேரில் போய்ப் பார்க்கட்டும். ஐந்நூறு ரூபாய்தான் கொடுக்க முடிந்தது என்று கூச்சப்பட்டான். அவன் கையும் காதும் கொடுக்கப்போவதற்கு ரூபாயில் கணக்கு இல்லை.

ஒன்று, பேட்டரி. 48 வோல்ட் வண்டி என்றால் லெட் ஆசிட் பேட்டரியில் மொத்தம் 24 செல். எல்லா பேட்டரியும் ஒரே கம்பெனி, ஒரே சமயத்தில் தயாரானதாக இருக்க வேண்டும். தயாரித்த மாதம் அதன் மேலேயே குறித்திருக்கும். பழசும் புதுசும் கலந்திருந்தால் வேண்டாம். தொடர் இணைப்பில் ஒரு நோஞ்சான் இருந்தால் மொத்த வரிசையையும் இழுத்துவிடும், பத்தாம் வகுப்புப் பாடம் இது. முழு சார்ஜ் ஏற்றி, ஹைட்ரோமீட்டரை 24 துளையிலும் விட்டுப் பாருங்கள். 1.265-லிருந்து 1.280-க்குள் காட்ட வேண்டும். ஒரு செல்லுக்கும் இன்னொன்றுக்கும் 0.05 வித்தியாசம் வந்தால் அந்த பேட்டரி சீக்காளி.

இரண்டு, அடிச்சட்டம். புது பெயின்டைப் பார்த்து மயங்காதீர்கள். கீழே படுத்துப் பாருங்கள். பேட்டரி உட்காரும் தட்டில்தான் ஆசிட் சிந்தி அரிக்கும். ஸ்க்ரூ டிரைவரால் தட்டினால் கணீரென்று சத்தம் வர வேண்டும், பொதபொதவென்று வந்தால் திரும்பிவிடுங்கள். கடற்கரை ரிசார்ட்டில் ஓடிய வண்டி என்றால் இரண்டு மடங்கு ஜாக்கிரதை.

மூன்று, ஏற்றமும் பிரேக்கும். டெல்டாவில் மலைக்கு எங்கே போவது? விற்பவர் இடத்திலேயே ஒரு சாய்தளம் காட்டச் சொல்லுங்கள். ஆறு பேர் ஏறி உட்கார்ந்து ஏற்றிப் பாருங்கள். திணறுகிறதா, மோட்டாரில் கருகல் வாடை வருகிறதா என்று தம்பி கண்டுபிடித்துவிடுவான். சரிவின் நடுவில் நிறுத்தி பார்க்கிங் பிரேக் போட்டால் ஓர் அங்குலம்கூட நகரக் கூடாது. ஏறப்போவது எண்பது வயதுக்காரர்கள், நினைவிருக்கட்டும்.

நான்கு, சார்ஜர். பேட்டரிக்குப் பொருத்தமானதா, நிறைந்ததும் தானாக நிற்கிறதா என்று பாருங்கள். லெட் ஆசிட் சார்ஜரை லித்தியத்துக்குப் போடக் கூடாது.

ஐந்து, காகிதம். முறையான பில், லெட்டர் பேடில் எழுத்துமூலமான வாரண்டி, உதிரிபாகம் எங்கே கிடைக்கும் என்ற விவரம், பழுது பார்க்க வரும் ஆளின் போன் நம்பர். "நம்மகிட்ட வாய் வார்த்தைதான் சார்" என்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

ஆறு, சட்டம். யாரும் குழுவில் இதைப் பேசவில்லை. மோட்டார் 250 வாட்டுக்குக் குறைவாகவும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாகவும் இருக்கும் பேட்டரி வண்டிக்குத்தான் பதிவு எண், லைசென்ஸ் விலக்கு. ஆறு பேரை இழுக்கிற மோட்டார் அதைப்போல் பல மடங்கு பெரியது. எனவே மதிலுக்கு உள்ளே மட்டும் ஓட்டுவோம். தேரோடும் வீதி பொது வீதி. அங்கே இறக்க ஆசை இருந்தால் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள். விபத்து நடந்த பிறகு கேட்கக் கூடாது.

புதுசு வாங்குவதே சரி என்று சொல்லும் இடங்களும் உண்டு. ஸ்ரீரங்கம் மாதிரி நாள் முழுக்க ஓயாமல் ஓட வேண்டும் என்றால் புதுசுதான். பக்கத்தில் மெக்கானிக் கிடையாது, கம்பெனி சர்வீஸை நம்பித்தான் இருக்க வேண்டும் என்றாலும் புதுசுதான். தண்ணீர் ஊற்ற ஆளே கிடைக்காது என்று நிச்சயமாகத் தெரிந்தால், தண்ணீர் கேட்காத லித்தியம் பேட்டரி வண்டிக்குக் கூடக் கொடுப்பது நியாயம். நமக்கு ஓட்டம் காலை மாலை ஆறு மணி நேரம், மெக்கானிக் நம் வகுப்பிலேயே இருக்கிறான். துபாய் தம்பி "மீதிப் பணம் நான் போடுகிறேன், புதுசே வாங்குவோம்" என்கிறான். நல்ல மனசு. அந்தப் பணத்தை ஓட்டுநர் சம்பளத்துக்கு என்று எழுதிக் கொடு தம்பி. தகட்டில் உன் பெயர் பெரிதாக வராது. ஆனால் மூன்றாவது வருடமும் வண்டி ஓடும்.

வண்டி வந்த பிறகு பராமரிப்புக்கு நான் ஒரு நோட்டுப் போட்டுத் தருகிறேன். தினமும் ஓட்டம் முடிந்ததும் சார்ஜ். பாதிக்குக் கீழே இறங்க விடக் கூடாது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மட்டம் பார்க்க வேண்டும், அக்னி நட்சத்திரத்தில் வாராவாரம். தகடு வெளியே தெரியாத வரை, சார்ஜ் ஏறிய பிறகுதான் ஊற்ற வேண்டும். டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். குடிக்கிற கேன் தண்ணீரும் ஆகாது, போர் தண்ணீர் கூடவே கூடாது. நோட்டில் தேதியும் கையெழுத்தும் இருக்க வேண்டும். முதல் வருடம் அந்தக் கையெழுத்து என்னுடையது. 2005-இல் செய்யாததை இப்போதாவது செய்கிறேன்.

இதையெல்லாம் நேற்று அக்காவிடம் படித்துக் காட்டினேன். பாதியில் நிறுத்தச் சொல்லிவிட்டார். "வண்டி புதுசா பழசான்னு சாமி கேக்காதுடா. ஓட்டுற புள்ள தினம் வருவானான்னு மட்டும் பாத்துக்க" என்றார். நான் ஆறு பாயின்ட் எழுதியதை ஒரே வரியில் முடித்துவிட்டார்.

என் கணக்கில் தப்பு இருந்தால் தயங்காமல் கமென்ட்டில் சொல்லுங்கள். சார் தப்பு சொல்வாரா என்று வகுப்பில் பயந்த காலம் முடிந்துவிட்டது. பழைய பேட்டரி கார் வாங்கி அனுபவப்பட்டவர்கள் உறவிலோ நட்பிலோ இருந்தால் அவர்களையும் எழுதச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை வண்டி பார்க்கப் போகிறவர்கள் சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஹைட்ரோமீட்டரை வாங்கிக்கொண்டு போகவும். இரவல்தான், திருப்பித் தர வேண்டும். 1998-இல் போன ஸ்க்ரூ கேஜ் இன்னும் வரவில்லை. யாரிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் பௌதிக வாத்தியார்