501ஆவது யூனிட்டுக்கு 243 ரூபாய்

எலவனாசூர்கோட்டை,
ஆகஸ்ட் 2025.

மாண்புமிகு மின்துறை அமைச்சர் அவர்களுக்கு,

இந்த மடலில் இருப்பதை ஏற்கெனவே மனுவாக எழுதிக் கொடுத்துவிட்டோம். திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் வரிசையில் நின்று கொடுத்தோம்; ரசீது தந்தார்கள். மேல் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினோம்; ஒப்புகை அட்டை முத்திரையோடு திரும்பி வந்தது. நீண்ட நாள் கழித்து வந்த பதில் இரண்டே வரி. பயன்படுத்திய யூனிட்டுக்கு உரிய கட்டணம்தான் போடப்பட்டிருக்கிறதாம், மேல் நடவடிக்கை தேவையில்லையாம். எந்த அலுவலகம், யார் கையெழுத்து என்பதை எழுதப்போவதில்லை. அங்கே உட்கார்ந்திருப்பவரால் இதைத் திருத்த முடியாது. தங்களால் முடியும். அதனால்தான் ஊரறியத் தங்களுக்கே எழுதுகிறேன்.

முதலில் நன்றி சொல்ல வேண்டியதற்கு நன்றி. 2025 ஜூலையில் மின்கட்டணத்தில் ஏறிய 3.16 விழுக்காட்டை வீடுகளின் தலையில் வைக்காமல் அரசே ஏற்றுக்கொண்டது. 2023 ஜூலையில் ஏறிய 2.18 விழுக்காட்டையும் அப்படியே ஏற்றது. 2016இலிருந்து வரும் 100 யூனிட் இலவசம் தொடர்கிறது. கல்வராயன் மலையில் இரண்டு விளக்கும் ஒரு ஃபேனும் ஓடுகிற வீட்டுக்கு அந்த 100 யூனிட் எவ்வளவு பெரிய உதவி என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். அதை யாரும் மறுக்கவில்லை.

ஆனால், அதற்கு மேலே இருக்கிற வீடுகளைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடுகிற வீடு 2022 செப்டம்பர் 10க்கு முன்னால் கட்டியது 1,130 ரூபாய். அன்றைக்கு ஏறிய ஏற்றத்தில் அது 1,725 ஆனது. 2024 ஜூலையில் 4.83 விழுக்காடு ஏறி 1,805 ஆனது. இரண்டு வருடம் நிறைவதற்குள் ஒரு பில்லில் 675 ரூபாய் கூடிவிட்டது. 2022 ஏற்றத்துக்கு முன்பு, அந்த வருடம் ஆகஸ்டில் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கோவையிலும் மதுரையிலும் சென்னையிலும் மக்கள் கருத்தைக் கேட்டது. எங்கள் பக்கத்திலிருந்து அந்த மூன்று ஊருக்கும் போய்வர ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் ஆகும். போனவர் யாரையும் எனக்குத் தெரியாது.

500 யூனிட் ஓடுவது வசதியான வீடு என்று நினைக்க வேண்டாம். எங்கள் ஊரில் அண்ணன் தம்பி இரண்டு குடும்பம் ஒரே சர்வீஸில் இருக்கும். போர் மோட்டார் போட்டால்தான் தொட்டியில் தண்ணீர். ஒரு ஃப்ரிட்ஜ், ஒரு கிரைண்டர், மூன்று நான்கு ஃபேன். ஏ.சி. கிடையாது. இப்படி ஒரு வீட்டில் நடந்ததைத்தான் சொல்லப்போகிறேன்.

எங்கள் தெருவில் ஒரு அக்கா. வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். மாதத்தில் பாதி நாள் வெளியூர். மாமியாருக்கு மூச்சிரைப்பு. கொழுந்தன் குடும்பமும் அதே வீட்டில்தான். கட்டணம் ஏறிய பிறகு அந்த அக்கா ஒரு வேலை ஆரம்பித்தார். தினமும் காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்ட கையோடு மீட்டர் பெட்டியைத் திறந்து பார்ப்பார். ரீடிங்கை மாதக் காலண்டரில் அன்றைய தேதிக் கட்டத்திலேயே பென்சிலால் எழுதுவார். அதற்குக் கீழே, கடைசியாக ரீடிங் எடுத்த நாளிலிருந்து எத்தனை யூனிட் ஓடியிருக்கிறது என்று கழித்து எழுதி ஒரு வட்டம் போடுவார். பத்தாவது வரை படித்தவர். கணக்கில் ஒரு பிழை இல்லை; நானே உட்கார்ந்து சரிபார்த்தேன்.

மார்ச் 20இல் ரீடிங் எடுத்தார்கள். மே 19 அறுபதாவது நாள். அன்றைக்குக் காலண்டரில் வட்டத்துக்குள் இருப்பது 486. அக்னி நட்சத்திரம் கொளுத்திய மே மாதத்தில் இரண்டு குடும்பம் அந்த எண்ணுக்குள் நின்றது. ஃப்ரிட்ஜை ராத்திரியில் அணைத்து வைத்தார்கள். பிள்ளைகள் ஒரே அறையில், ஒரே ஃபேனுக்குக் கீழே படுத்தார்கள். மாமியாருக்கு மட்டும் தனி ஃபேன். அதை நிறுத்த முடியாது. 486 என்றால் 1,717 ரூபாய். காசை எடுத்து வைத்துவிட்டார்.

19ஆம் தேதி ரீடிங் எடுக்க ஆள் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. 20ஆம் தேதிக் கட்டத்தில் 494. 21இல் 502. அந்த 502ஐச் சுற்றிப் போட்ட வட்டம் மற்ற நாட்களைவிட அழுத்தமாக, தாள் கிழிகிற மாதிரி இருக்கிறது. 22இல் 510. 23ஆம் தேதி மதியம் ஆள் வந்தார். 518. சாயங்காலம் கைபேசிக்குக் குறுஞ்செய்தி வந்தது: 2,191 ரூபாய்.

நான்கு நாள். 32 யூனிட். 474 ரூபாய். ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 15 ரூபாய் விழுகிறது. இரண்டு மாதத்தில் ஆயிரம் யூனிட்டைத் தாண்டி ஏ.சி. ஓட்டுகிற பங்களாவுக்குத் தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்தின் உச்ச விலை 11 ரூபாய் 55 காசு. மூச்சிரைப்புக்காரிக்கு ஓடிய ஃபேனுக்கு அந்த அக்கா அதைவிடக் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார். அமைச்சர் அவர்களே, இது எந்த ஊர் நியாயம்?

இது எப்படி நடக்கிறது என்று தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 500 வரை 1,805 ரூபாய். 501 ஆனால் 2,048 ரூபாய். 8 ரூபாய் 40 காசு விலையுள்ள ஒரு யூனிட்டோடு, 500க்குள் நிற்கிற வீட்டுக்குக் கொடுத்த சலுகையில் 235 ரூபாயைத் திரும்பப் பிடுங்கிக்கொள்கிறீர்கள். அந்த ஒரே யூனிட் 243 ரூபாய். ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: 2022க்கு முன்னால் இந்தப் பள்ளம் இதைவிட ஆழம், 600 ரூபாய்க்கு மேல் இருந்தது. உங்கள் ஆட்சியில்தான் குறைந்தது. குறைக்க முடிந்தது என்றால் இது பள்ளம் என்று அப்போதே தெரிந்திருக்கிறது. பிறகு ஏன் பாதியில் விட்டீர்கள்?

அலுவலகத்தில் வாய்வார்த்தையாக ஒரு சமாதானம் சொன்னார்கள். இந்த முறை நான்கு நாள் கூடினால் அடுத்த முறை நான்கு நாள் குறையும், சரியாகப் போய்விடும் என்றார்கள். அடுத்த முறை உண்மையிலேயே 56ஆம் நாள், ஜூலை 18இல், ஆள் வந்துவிட்டார். 454 யூனிட். 1,515 ரூபாய். இரண்டு பில்லையும் கூட்டிப் பாருங்கள், 3,706 ரூபாய். இரண்டு முறையும் அறுபதாவது நாளில் வந்து 486, 486 என்று எடுத்திருந்தால் 3,434 ரூபாய். அதே 120 நாள், அதே 972 யூனிட், அதே வீடு, அதே மீட்டர். 272 ரூபாய் கூடுதலாகப் போயிருக்கிறது. அந்த 272 ரூபாய்க்கு எந்த மின்சாரத்தைக் கொடுத்தீர்கள்? சரியாகப் போய்விடும் என்று சொன்னவர் ஒரு தாளில் இதை எழுதிப் பார்த்திருந்தாலே வாயை மூடியிருப்பார்.

ரீடிங் எடுக்க வந்தவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. வேர்த்து ஊற்ற வந்தார், ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்தார், தெருவில் மிச்ச வீடுகளுக்கு ஓடினார். தன் பகுதியோடு ஆள் இல்லாத இன்னொரு பகுதியையும் சேர்த்துப் பார்ப்பதாகச் சொன்னார். 2020இல் கணக்கீட்டாளர் வேலைக்கு 1,300 பேரை எடுக்க அறிவிப்பு வந்தது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளும் பணம் கட்டி விண்ணப்பித்தார்கள். 2022இல் அந்த அறிவிப்பையே ரத்து செய்தார்கள். ஆள் எடுக்காதது அரசாங்கம். அதனால் ஆள் வராத நாளுக்கு அபராதம் கட்டுவது அடுப்படியில் நிற்கும் பெண். இதை வேறு எப்படிச் சொல்வது?

2021 தேர்தலில் உங்கள் கட்சி மாதந்தோறும் மின் கணக்கெடுப்பு என்று வாக்குறுதி கொடுத்தது. எங்கள் தெருச் சுவரிலும் அதை எழுதியிருந்தார்கள். நம்பி ஓட்டுப் போட்டவர்களில் அந்த அக்காவும் ஒருவர். நாலு வருடம் ஓடிவிட்டது. ஸ்மார்ட் மீட்டர் வரட்டும், வந்ததும் மாதக் கணக்கு என்றீர்கள். ஸ்மார்ட் மீட்டருக்கு 2023இல் விட்ட டெண்டரை 2024 டிசம்பரில் ரத்து செய்தீர்கள். அந்த டெண்டரில் என்ன சரி, என்ன தப்பு என்ற பேச்சுக்குள் நான் போகவில்லை. மீட்டர் வரும்வரை காத்திருக்கச் சொன்னவர்கள், அதுவரை 500இலிருந்து 501க்கு விழாமல் இருக்க ஒரு வழியாவது செய்திருக்க வேண்டாமா? பெங்களூரில் கட்டட வேலைக்கும் ஹோட்டல் வேலைக்கும் போன எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வாடகை வீட்டில் மாதாமாதம் கரண்ட் பில் கட்டுகிறார்கள். டெல்லியில் எத்தனை நாளுக்கு ரீடிங் எடுத்தார்களோ அதற்குத் தகுந்தபடி யூனிட் அடுக்கையும் கூட்டிக் குறைத்துக் கணக்குப் போடுகிறார்கள். அந்த முறை இங்கே இருந்தால் 60 நாளுக்கு 500 என்பது 64 நாளுக்கு 533 ஆகியிருக்கும். அக்காவின் 518 அதற்குள் அடங்கியிருக்கும். ஒரு மீட்டரைக்கூட மாற்ற வேண்டாம். பில் போடுகிற கணினியில் ஒரு வரியை மாற்றினால் போதும்.

மின்வாரியம் கடனில் மூழ்கிக் கிடக்கிறது என்பீர்கள். தெரியும். லட்சம் கோடிக்கு மேல் கடன் என்று பத்திரிகையில் நாங்களும் படிக்கிறோம். அந்தக் கடனை இந்த வீடு வாங்கவில்லை. வெளியிலிருந்து அதிக விலைக்கு மின்சாரம் வாங்கும் ஒப்பந்தத்தில் அந்த அக்கா கையெழுத்துப் போடவில்லை. ஒரு தவணைகூடத் தவறாமல், கடைசித் தேதிக்கு முன்னாலேயே பில் கட்டி வந்த குடும்பம் அது. நூறு நாள் வேலையில் 2025இல் ஒரு நாள் கூலி 336 ரூபாய். பகல் முழுக்க வெயிலில் ஏரிக்கரையில் மண் சுமந்தால் கிடைக்கிற காசை விட அதிகமாக ஒரே குறுஞ்செய்தியில் கேட்டு வாங்கிக்கொண்டீர்கள். நீங்கள் ஆள் அனுப்பாத நாளுக்காக வாங்கினீர்கள்.

எனக்கு ஆத்திரம் வருவது பணத்துக்காக மட்டும் இல்லை. அந்தப் பெண் நீங்கள் சொன்னதைத்தான் செய்தார். மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழியுங்கள் என்று பில்லிலும் பலகையிலும் எழுதி வைப்பது உங்கள் துறைதானே? அந்த வீட்டில் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்கள். பொதுத்தேர்வுக்குப் படித்த பிள்ளை வராந்தா விளக்கில் உட்கார்ந்து படித்தது. அதே விளக்கில்தான் பாட்டிக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தார்கள். அறுபது நாள் இப்படி இருந்து ஜெயித்த குடும்பத்தை நான்கு நாள் தாமதத்தில் தோற்கடித்தீர்கள். ஜூன் மாதத்திலிருந்து அந்தக் காலண்டரில் எண் இல்லை. நான் கேட்டதற்கு, "எழுதி என்ன தம்பி ஆகப்போவுது, அவங்க வர்ற அன்னைக்குத்தானே கணக்கு" என்றார். சிக்கனத்தில் நம்பிக்கை வைத்த ஒரு பெண்ணின் மனம் விட்டுப்போக வைத்திருக்கிறீர்கள். இதற்கு எந்தக் கட்டண அட்டவணையில் விலை போட்டிருக்கிறது?

இது ஒரு வீட்டுக் கதை என்று தள்ளிவிடாதீர்கள். எங்கள் தெருவிலேயே 23ஆம் தேதி ரீடிங் எடுத்த எல்லா வீட்டுக்கும் அது 64ஆவது நாள். 470க்கும் 500க்கும் நடுவில் நின்றிருந்த ஒவ்வொரு வீடும் அந்த வாரம் விழுந்திருக்கும். மற்றவர்கள் காலண்டரில் எழுதி வைக்கவில்லை. அதனால் பில் ஏன் ஏறியது என்று தெரியாமலே கட்டிவிட்டார்கள். உளுந்தூர்பேட்டையில், தியாகதுருகத்தில், சங்கராபுரத்தில், கச்சிராயபாளையத்தில் இப்படிக் கட்டியவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் கணினியைக் கேளுங்கள். ரீடிங் எடுத்த தேதியும் யூனிட்டும் அதில் இருக்கிறது. அறுபது நாளுக்கு மேல் போய், அதனால் 500ஐத் தாண்டிய பில்களை மட்டும் பிரித்தெடுக்கச் சொல்லுங்கள். எடுத்து, சட்டமன்றத்தில் மேசைமேல் வையுங்கள். அந்தப் பணம் உங்கள் பணம் இல்லை. திருப்பிக் கொடுங்கள்.

விதிப்படி சரி என்று மறுபடியும் எழுதி அனுப்பாதீர்கள். அந்தப் பதிலை வாங்கிவிட்டோம். விதியைப் போட்டது மனிதர்கள். ஓட்டு வாங்கிப் போனவர்கள். மாற்றவும் அவர்களால்தான் முடியும்.

ஜூலை 18இலிருந்து அடுத்த அறுபதாவது நாள் செப்டம்பர் 16. அன்றைக்கு எங்கள் தெருவுக்கு ரீடிங் எடுக்க ஆள் வரட்டும். வர முடியாது என்றால், தாமதமாகிற ஒவ்வொரு நாளுக்கும் 500ஐ உயர்த்தி பில் போடுங்கள். இரண்டும் முடியாது என்றால் ஏன் முடியாது என்று அந்த அக்காவுக்கு ஒரு கடிதம் போடுங்கள். அமைச்சர் என்று நீங்களே கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
எலவனாசூர்கோட்டை மின் நுகர்வோர் ஒருவன்