வகுப்பறைக்குத் திரை வந்துவிட்டது, பாடத்துக்கேற்ற படங்கள் வேண்டும்: கோரிக்கை மனு

அனுப்புநர்
தலைவர், செயலாளர், பொருளாளர்,
அரசு நடுநிலை, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களின் வட்டாரச் சங்கம்.

பெறுநர்
இயக்குநர் அவர்கள்,
மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம்,
கல்லூரிச் சாலை, சென்னை – 600 006.

பொருள்: அரசுப் பள்ளி வகுப்பறைகளில் கல்விப் படங்களைப் பாடத்தோடு இணைத்துப் பயன்படுத்துதல் – படத்தொகுப்பு, வழிகாட்டிக் குறிப்பு, பயிற்சி, பராமரிப்பு வசதிகள் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

எங்கள் சங்க உறுப்பினர்களில் பெரும்பாலோர் சிற்றூர்ப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை அறிவியலும் சமூக அறிவியலும் நடத்தும் ஆசிரியர்கள். 2018இல் வந்த புதிய பாடநூல்களின் க்யூஆர் குறியீடுகள், 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி, 2022இல் தொடங்கிய சிறார் திரைப்படத் திரையிடல், 2023இல் வெளியான மணற்கேணி செயலி, தொடக்கப் பள்ளிகளில் 22,931 திறன்மிகு வகுப்பறைகள் அமைக்கும் திட்டம் என அரசு அடுத்தடுத்து எடுத்த முயற்சிகளுக்கு முதலில் எங்கள் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறோம்.

கருவி வந்துவிட்டது. ஆனால் எந்தப் பாடத்துக்கு எந்தப் படம், எத்தனை நிமிடம், எந்த இடத்தில் நிறுத்திக் கேள்வி கேட்பது என்பதெல்லாம் இன்றும் ஒவ்வோர் ஆசிரியரும் இரவில் தனியாக உட்கார்ந்து தேடும் வேலையாகவே இருக்கிறது. அதைப் பள்ளிதோறும் கிடைக்கும் முறையான ஏற்பாடாக மாற்றித் தர வேண்டும் என்பதே இம்மனுவின் சாரம்.

வகுப்பறையில் நாங்கள் கண்ட இரண்டு நிகழ்வுகளைத் தங்கள் பார்வைக்கு வைக்கிறோம்.

பனியாறு பற்றிய பாடம். கரும்பலகையில் பள்ளத்தாக்கை வரைந்து, பனிக்கட்டி நகர்ந்து பாறையைத் தேய்க்கிறது என்று எங்கள் உறுப்பினர் ஒருவர் சொன்னார். "ஐஸ் எப்படி சார் நகரும்? உருகித்தானே ஓடும்?" என்று கேட்டான் ஒரு மாணவன். நியாயமான கேள்வி. அவன் பார்த்த ஐஸ், பெட்டிக்கடை சர்பத்தில் மிதப்பதுதான். பனியாறு ஒரு நாளில் நகர்வது பெரும்பாலும் சில சென்டிமீட்டர் முதல் சில மீட்டர் வரை. நேரில் போய் நின்றாலும் அந்த அசைவு கண்ணுக்குத் தெரியாது. பல மாதங்கள் விட்டுவிட்டு எடுத்த காட்சிகளைக் கோத்த இரண்டு நிமிடப் படத்தை மறுநாள் காட்டியபோது, "ஆறு மாதிரியே வளைஞ்சு போகுது சார்" என்று அதே மாணவன் எழுந்து நின்று சொன்னான்.

இரண்டாவது, ஏழாம் வகுப்பில் விதை முளைப்பது பற்றியது. அவரை விதை ஊறி, தோல் வெடிக்கும் கட்டத்தில் ஆசிரியை படத்தை நிறுத்தினார். "முதலில் வேர் வருமா, தளிர் வருமா?" என்று கேட்டார். வகுப்பில் பாதிக்கு மேல் தளிர் என்றார்கள். கடலை போடும் வீட்டுப் பிள்ளைகள் சிலர் வேர்தான் என்று அடித்துச் சொன்னார்கள். வாக்குவாதம் முடியவில்லை. ஆசிரியை படத்தை மேலே ஓட்டாமல், ஈரத்துணியில் ஆளுக்கு நான்கு விதை கட்டி வைக்கச் சொன்னார். மூன்றாம் நாள் துணியைப் பிரித்துப் பார்த்த பிறகே மீதிப் படம் ஓடியது. அந்தப் பாடத்தில் யாரும் விடையை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கவில்லை.

இவற்றிலிருந்து நாங்கள் கற்றது இது. கைக்கு எட்டுவதைக் கையால் கற்பிக்க வேண்டும். மிக மெதுவாக நடப்பது, மிக வேகமாக நடப்பது, கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது, போய்ப் பார்க்க முடியாத தொலைவில் இருப்பது ஆகியவற்றுக்கே படம் வேண்டும். கிணற்றடித் தவளையைத் திரையில் காட்ட வேண்டியதில்லை. அது நாக்கை நீட்டிப் பூச்சியைப் பிடிக்கும் நொடியை மெதுவாக்கிக் காட்ட வேண்டும். படம் ஆசிரியருக்கு மாற்று அல்ல, அவர் கையில் உள்ள சுண்ணாம்புக்கட்டியைப் போன்ற ஒரு கருவி.

நடைமுறையில் நாங்கள் படும் சிரமங்களும் உண்டு. 40 நிமிடப் பாடவேளையில் சிக்னல் கிடைக்காமல் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே கால் மணி நேரம் போய்விடுகிறது. நல்ல படங்கள் பல ஆங்கில வர்ணனையோடு இருப்பதால், ஒலியை அடைத்துவிட்டு ஆசிரியரே ஓடஓடப் பேச வேண்டியிருக்கிறது. பாதிப் பாடத்தில் விளம்பரம் குறுக்கிடுகிறது. ஓட்டுக் கட்டட வகுப்பறையில் பகல் வெளிச்சத்தில் திரை வெளுத்துப்போகிறது. கடைசி வரிசைக்கு ஒலி எட்டுவதில்லை.

ஆகவே பின்வரும் கோரிக்கைகளைப் பணிவுடன் முன்வைக்கிறோம்:

1. பாடநூலின் ஒவ்வோர் அலகிலும் படம் இன்றி விளக்க முடியாத கருத்துகளை முதலில் பட்டியலிட வேண்டும். அவற்றுக்கு மூன்று முதல் எட்டு நிமிடத்துக்குள் அடங்கும் தமிழ்க் குறும்படங்களைத் தொகுத்துத் தர வேண்டும். பட்டியல் தயாரிப்பில் வகுப்பெடுக்கும் ஆசிரியர்களுக்கு இடமளிக்க வேண்டும்.

2. அந்தத் தொகுப்பை இணையமின்றி இயங்கும்படி ஹார்ட் டிஸ்க்கில் பதிந்து, வட்டார வள மையம் வழியாகப் பள்ளிக்கு ஒன்று வழங்க வேண்டும். ஆண்டுதோறும் புதுப்பித்துத் தர வேண்டும். மலைப்பகுதிப் பள்ளிகளுக்கு முன்னுரிமை வேண்டும்.

3. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பக்க வழிகாட்டிக் குறிப்பு வேண்டும். நிறுத்த வேண்டிய இடம், கேட்க வேண்டிய கேள்வி, படத்துக்குப் பின் செய்ய வேண்டிய செயல்பாடு ஆகிய மூன்றும் அதில் இருந்தால் போதும்.

4. குறுவள மையக் கூட்டங்களில் படத்தைக் கொண்டு பாடம் நடத்தும் செய்முறைப் பயிற்சி அளிக்க வேண்டும். திரையிட்டதற்கு ஒளிப்படம் எடுத்துப் பதிவேற்றும் வேலையை இதனுடன் சேர்க்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறோம்.

5. 1948இல் தொடங்கப்பட்ட ஃபிலிம்ஸ் டிவிஷனின் ஆவணப்படங்களும், 1955இல் தொடங்கப்பட்ட இந்தியச் சிறார் திரைப்படச் சங்கத்தின் படங்களும், 2022 இணைப்புக்குப் பின் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின்கீழ் உள்ளன. அக்கழகத்துடன் ஒப்பந்தம் செய்து, பாடத்துக்குப் பொருந்துபவற்றைத் தமிழ் வர்ணனையுடன் பெற்றுத் தர வேண்டும். தமிழக அரசின் பங்களிப்போடு சத்யஜித் ராய் 1976இல் எடுத்த பரதநாட்டிய ஆவணப்படமான 'பாலா' போன்ற படங்களின் பகுதிகள் கலைப் பாடத்துக்கு உதவும். 1940இலேயே ஏ.கே. செட்டியார் காந்தியடிகள் பற்றிய ஆவணப்படத்தைத் தமிழ் விளக்கவுரையுடன் வெளியிட்ட மண் இது.

6. தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவன மாணவர்களும் பள்ளி ஆசிரியர்களும் சேர்ந்து ஆண்டுதோறும் புதிய படங்கள் எடுக்க நிதி ஒதுக்க வேண்டும். பழவேற்காடு ஏரி, கீழடி அகழாய்வு, அலையாத்திக் காடு, உப்பளம் என நம் நிலமே பாடமாகட்டும்.

7. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016இன் நோக்கத்துக்கேற்ப, எல்லாப் படங்களிலும் தமிழ் எழுத்து வரிகள், சைகை மொழி, பார்வைத்திறன் குறைந்தோருக்கான ஒலி விளக்கம் ஆகியவை இருக்க வேண்டும்.

8. மாணவர், ஆசிரியர், பெற்றோர் மட்டும் பார்வையாளராக இருக்கும் பள்ளித் திரையிடலுக்குப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன் 52ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. இது தெரியாமல் பல தலைமை ஆசிரியர்கள் தயங்குகிறார்கள். எது செல்லும், எது செல்லாது என்று எளிய தமிழில் சுற்றறிக்கை வெளியிட வேண்டும்.

9. கருந்திரைச்சீலை, ஒலிபெருக்கி, யுபிஎஸ் ஆகியவற்றுக்கும் பழுதுபார்ப்புக்கும் பள்ளிக்கு ஆண்டுதோறும் தனித்தொகை வேண்டும். பழுதான புரொஜெக்டர் பீரோவுக்குள் போனால், அந்த ஆண்டு மாணவர்களுக்கு அந்தப் பாடம் போனதுதான்.

எங்கள் பங்கையும் இங்கே உறுதியாகச் சொல்கிறோம். வகுப்பில் காட்டிப் பயன் கண்ட படங்களின் பட்டியலை அனுப்பத் தயாராக உள்ளோம். வழிகாட்டிக் குறிப்புகளை ஊதியமின்றி எழுதித் தருவோம். புதிய படங்களை மாணவர்களிடம் காட்டி, எங்கே புரிந்தது, எங்கே புரியவில்லை என்று உள்ளபடி தெரிவிப்போம்.

முதற்கட்டமாக, வரும் கல்வியாண்டுக்குள் எட்டாம் வகுப்பு அறிவியலுக்கு மட்டுமாவது இத்தொகுப்பை முழுமையாகத் தந்து, எங்கள் வட்டாரத்தை முன்னோட்டக் களமாக எடுத்துக்கொள்ள வேண்டுகிறோம். இதுகுறித்து நேரில் விளக்க ஒரு நாள் ஒதுக்கித் தருமாறும் கேட்டுக்கொள்கிறோம். ஐஸ் எப்படி நகரும் என்று கேட்கும் பிள்ளைக்கு, அன்றைய பாடவேளை முடிவதற்குள் விடை காட்ட எங்களுக்கு உதவுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் உறுப்பினர்கள்.

நகல்: பள்ளிக் கல்வி இயக்குநர், தொடக்கக் கல்வி இயக்குநர், மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர்.