மலைக்கு வேலி உண்டு

"மலைக்கு ஏது வேலி?" வார இறுதியில் மதுரையிலிருந்து தேனிப் பக்கம் கிளம்பும் மலையேற்றக் குழுக்களின் வாயில் இந்தக் கேள்வியைப் பல வருடமாகக் கேட்டு வருகிறேன். இங்கே திருப்பரங்குன்றத்துப் பையன்களும் இப்போது இதையே சொல்கிறார்கள். குரங்கணிக் காட்டுத்தீக்குப் பிறகும் இதைச் சொல்ல எப்படி மனம் வருகிறது?

அவர்கள் வாதங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"காடு எல்லோருக்கும் பொது." பொதுதான். கண்மாயும் பொது, அதற்காக மடைவாயில் இறங்கி யாரும் குளிப்பதில்லை.

"அனுமதி என்பதே வசூல்." 2024 அக்டோபரில் அரசு 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்தது. கட்டணத்தோடு வழிகாட்டியும் வருகிறார். நாம் எந்தப் பாதையில், எத்தனை பேர் போயிருக்கிறோம் என்ற பதிவும் இருக்கிறது.

"அனுபவசாலி கூட வந்தால் எங்கும் போகலாம்." உயிரைக் குடிக்கும் பொய் இதுதான். 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்தும் வந்த இரண்டு குழுக்கள் கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்தன. அந்தப் பாதைக்கு அனுமதி இல்லை என்றது வனத்துறை. மார்ச் மாதம் அந்தச் சரிவுகளில் புல் காய்ந்து சருகாக நிற்கும். அதில் தீ பற்றியது. காட்டுத்தீ சமதரையில் போவதுபோல மலையில் போகாது. சூடான காற்று மேலெழுந்து, மேலே நிற்கும் புல்லை முன்கூட்டியே உலர்த்திவிடும். சரிவு 10 டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். 30 டிகிரி ஏற்றத்தில் எட்டு மடங்கு. ஏற ஏற மனிதனுக்கோ மூச்சு வாங்கும். கீழே தீ, மேலே செங்குத்து, பக்கத்தில் பள்ளம் என்ற இடத்தில் எந்த அனுபவம் கைகொடுக்கும்? 23 பேர் இறந்தார்கள். குழுவை நடத்திச் சென்ற அனுபவசாலிகளும் அவர்களில் உண்டு.

பனிமலையிலும் இதே கதைதான். 2023 பிப்ரவரி 1 அன்று காஷ்மீரில், குல்மார்க்கின் அஃபர்வட் மலையில், குறிக்கப்பட்ட சறுக்குப் பாதைக்கு வெளியே போன குழுவைப் பனிச்சரிவு மூடியது. போலந்துக்காரர்கள் இருவர் இறந்தார்கள். உள்ளூர் வழிகாட்டிகளும் கூட இருந்தார்கள். காய்ந்த புல்லும் தளர்ந்த பனியும் யாருடைய அனுபவத்தையும் மதிப்பதில்லை.

"என் உயிர், என் துணிச்சல்." அப்படியானால் குரங்கணியில் இருட்டில் மலையேறிப் போய், வெந்த உடல்களைத் தூக்கி வந்த ஊர்க்காரர்களின் உயிர் யாருடையது? புகைக்கு நடுவே ஹெலிகாப்டர் ஓட்டிய விமானப்படையினரின் உயிர்? தேனி, மதுரை மருத்துவமனை வாசல்களில் நாள்கணக்கில் நின்ற பெற்றோருக்கு என்ன பதில்? வரம்பை மீறுகிறவன் தன் உயிரை மட்டும் பணயம் வைப்பதில்லை.

பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை தீக்காலம். மலையேற்றப் பாதைகள் மூடியிருக்கும். அந்த நாட்களில் "யாருக்கும் தெரியாத ஒரு வழி இருக்கு, வா" என்று நண்பர் கூப்பிட்டால் போகாதீர்கள். அவரையும் போகவிடாதீர்கள்.