பழியை ஊர்மேல் போடாதீர்கள்

கனடாவில் தெளிவாக இருந்தவர்கள் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிக் குடியேறியதும் சாத்திரி வீட்டுக்கு அலைகிறார்கள், ஊர்தான் அவர்களைக் கெடுக்கிறது என்கிறது ஒரு வாதம். தவறு. அந்தப் பழக்கம் கனடாவின் பிறம்ரன் நகரிலிருந்தே அவர்களோடு போகிறது.

இங்கே புதுக்கார் எடுத்தால் டயரின் கீழ் எலுமிச்சம்பழம் நசிகிறது. ராகுகாலம் கழிந்தபின்தான் புதுவீட்டுச் சாவி கைமாறுகிறது. அதனால் யாருக்கும் நட்டமில்லை. செய்வினை எடுப்பதாகச் சொல்லி, நோயாளி இருக்கும் வீட்டில் ஆயிரக்கணக்கில் டொலர் கறப்பதுதான் கொடுமை. பிறம்ரனை உள்ளடக்கிய பீல் பிராந்தியத்தின் காவல்துறை இத்தகைய 'சோதிடர்'கள்மீது மோசடி வழக்குப் பதிந்திருக்கிறது. மாந்திரீகப் பாசாங்கைத் தனிக்குற்றமாக்கிய கனடாக் குற்றவியல் சட்டத்தின் 365ஆம் பிரிவு 2018இல் நீக்கப்பட்டதால், இப்போது கைகொடுப்பது பொதுவான மோசடிச் சட்டமே. அதற்கும் ஏமாந்தவர் வாய்திறந்து முறையிட வேண்டும். வெட்கத்தில் பலர் முறையிடுவதில்லை.

தமிழரை மட்டும் குறைசொல்லவும் முடியாது. பக்கத்து ரிச்மண்ட் ஹில் நகரசபை, 4ஐ அபசகுனமாகக் கருதும் சீனர்களின் அச்சத்தை மதித்து, புதுவீடுகளுக்கு அந்த இலக்கம் கொடுப்பதை 2013இல் நிறுத்தியது.

ஊரைப் பழிப்பவர்கள் பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூரை மறந்துவிடுகிறார்கள். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் கற்பித்தவர் அவர். மோசடிக்கு இடமில்லாத சூழலில் அற்புதம் செய்துகாட்டுவோருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று 1963இல் இலங்கையிலிருந்துதான் சவால் விட்டார். 1978இல் அவர் இறக்கும்வரை அந்தப் பணத்தை எவரும் வெல்லவில்லை.