முப்பத்தேழாயிரம் பேர் குறைந்த ஊர்

2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் நடந்து செல்வோருக்காக ஓர் உத்தரவு போட்டது. ஐம்பது பெருநகரங்களில் நடைபாதைகளைத் தணிக்கை செய்ய வேண்டும். சந்தை, பேருந்து நிலையம், ரயில் நிலையம், பள்ளிக்கூடம் என்று கூட்டம் சேரும் இடங்களிலிருந்து தொடங்க வேண்டும் என்றது. தமிழ்நாட்டிலிருந்து சென்னை, கோவை, மதுரை, திருச்சி ஆகிய நான்கும் பட்டியலில் இருக்கின்றன. திருப்பூர் இல்லை. இத்தனைக்கும் அந்த வழக்கை 2012-ல் தொடுத்தவர் கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பியல் மருத்துவர் எஸ். ராஜசேகரன். ஐம்பது கிலோமீட்டர் தள்ளியிருப்பவர் போட்ட வழக்கு டெல்லி போய்த் திரும்பிவிட்டது, நம் ஊருக்குள் மட்டும் வரவில்லை.

காரணம் எளிது. பத்து லட்சத்தைத் தாண்டிய நகரங்களின் பட்டியல் அது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் திருப்பூரும் அதை ஒட்டிய பகுதிகளும் சேர்ந்து 9.63 லட்சம். குறைவது ஏறக்குறைய 37 ஆயிரம் பேர்.

இந்த 37 ஆயிரத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 2011 ஜனவரி 28-ல் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. டையிங் நின்றால் துணி வராது. துணி வராவிட்டால் கட்டிங் மேசை காலி, டைலர் சும்மா, செக்கிங் பெண்களுக்கு வாரச் சம்பளம் இல்லை. கிடைத்த ரயிலைப் பிடித்துச் சொந்த ஊருக்குப் போனவர்கள் ஏராளம். கணக்கெடுப்பு ஊழியர்கள் கதவைத் தட்டியது எப்போது? அடுத்த மாதமே, பிப்ரவரி 9 முதல் 28 வரை. ஆள் கிளம்பிக்கொண்டிருந்த மூன்று வாரத்தில் எடுத்த தலைக்கணக்குதான் இன்றுவரை இந்த ஊரின் தலையெழுத்து. ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய சாயக்கழிவுத் தண்ணீரைப் பார்த்த எவரும் அந்தத் தீர்ப்பைக் குறை சொல்ல மாட்டார், நானும் சொல்லவில்லை. பட்டறை மூடாமல் இருந்திருந்தால் அன்றே பத்து லட்சம் தாண்டியிருப்போம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அடுத்த தலைக்கணக்கு 2027 பிப்ரவரியில்தான். அது அச்சாகி, பட்டியல் திருத்தப்பட்டு, தணிக்கை நம் பக்கம் வருவதற்குள் இப்போது பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருப்பார்கள்.

சரி, நீதிமன்றம் விட்டதை உள்ளாட்சி அமைப்புகள் பிடித்தனவா? 2017-ல் திருப்பூர் ஸ்மார்ட் சிட்டி ஆனது. 2025 மார்ச் 31-ல் அந்தத் திட்டமே முடிந்தும் போனது. இந்த எட்டு ஆண்டுகளில் நடைக்கும் சைக்கிளுக்கும் என்று எது பேசப்பட்டாலும் அது நீர்க்கரையில் போய் நின்றது. நம்மூரில் நொய்யல் கரை. கோவையில் உக்கடம் பெரியகுளம். சென்னையில் கடற்கரையோரம். 2014-லேயே மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று நாட்டில் முதன்முதலாகக் கொள்கை வகுத்து, போக்குவரத்து நிதியில் 60 சதவீதத்தை அதற்கு ஒதுக்குவதாகச் சொன்ன மாநகராட்சி அது. ஆனாலும் சென்னையில் பாதை என்றால் முதலில் கண்ணில் படுவது கடலும் செல்ஃபியும்தான். கரை, விளக்கு, பெஞ்சு, ‘ஐ லவ்’ என்று ஒரு பலகை. காலை ஆறு மணிக்கு ஷூ போட்டுக்கொண்டு காரில் வந்து இறங்கி, நாலு சுற்று நடந்து, மறுபடி காரில் ஏறுகிறவருக்கான பாதை இது. அவருக்குச் சர்க்கரை குறையட்டும், ஆட்சேபணை இல்லை. நஞ்சராயன் குளத்துக்கு 2024-ல் ராம்சர் அங்கீகாரம் கிடைத்தபோது பறவைகளுக்காவது இந்த மாவட்டத்தில் இடம் கிடைத்ததே என்று மகிழ்ந்தவன்தான் நானும்.

ஆனால் திருப்பூரின் வரைபடத்தைக் கொஞ்சம் பாருங்கள். ஆறு மேற்கிலிருந்து கிழக்கே போகிறது. ரயில் பாதையும் ஏறக்குறைய அதே வாட்டத்தில் ஊரை வெட்டுகிறது. அவிநாசி சாலையும் பி.என். ரோடும் வடக்கே, பல்லடம், தாராபுரம், காங்கயம் சாலைகள் தெற்கே. அங்கேரிபாளையத்தில் குடியிருப்பவர் ராயபுரத்தில் வேலைக்குப் போகிறார். வீரபாண்டிப் பெண் காதர்பேட்டைக்கு வருகிறார். இவர்கள் ஆற்றையும் தண்டவாளத்தையும் குறுக்கே கடக்கிறவர்கள். ஆற்றோடு போகும் பாதை இவர்களை எங்கே கொண்டுபோய் விடும்? இவர்களுக்கு வேண்டியது நடந்து போக ஒரு பாலம், மழை பெய்தால் இடுப்பளவு தண்ணீர் நிற்காத ஒரு சுரங்கப்பாதை, அங்கிருந்து கம்பெனி கேட் வரை ஒரு திண்ணை அகலத்துக்குத் தரை.

காலை எட்டே கால் மணிக்குப் புஷ்பா தியேட்டர் பக்கம் போய் நில்லுங்கள். எட்டரை ஷிப்ட். தூக்குப்போசியோடு பெண்கள் மூன்று மூன்று பேராக வருகிறார்கள். சாக்கடை மேல் போட்ட ஸ்லாப்தான் நடைபாதை. அதில் ஒன்று உடைந்திருக்கும், அடுத்ததன் மேல் மின்மாற்றி, அதற்கடுத்ததில் நாலு டூவீலர். எனவே எல்லோரும் சாலையில் இறங்குகிறார்கள். கட்டிங் பண்டலை ஆள் உயரத்துக்கு அடுக்கிய எக்ஸெல் வண்டி ஒன்று முழங்கையை உரசிக்கொண்டு போகிறது. பின்னால் துணி ரோல் ஏற்றிய குட்டியானை. இரவு எட்டரைக்கு, ஒன்றரை ஷிப்ட் முடிந்து, இதே வழியில் இருட்டில் திரும்ப வேண்டும். இந்தியச் சாலைகள் பேராயம் 2012-ல் வெளியிட்ட விதிப்படி நடைபாதையில் தடையில்லாமல் 1.8 மீட்டர் அகலம் இருக்க வேண்டும், உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. காதர்பேட்டையில் 1.8 மீட்டர் இடம் கிடைத்தால் அதில் இரண்டு கடை வந்துவிடும்.

இதில் எரிச்சலூட்டும் வேடிக்கை ஒன்று உண்டு. எந்த ஏற்றுமதிக் கம்பெனிக்குள் நுழைந்தாலும் தரையில் மஞ்சள் கோடு போட்டிருக்கும். இரண்டு கோட்டுக்கு நடுவே நடக்கும் வழி; அவசரக் கதவைக் காட்டும் அம்புக்குறி; அதன்மேல் ஒரு துணிக்கூடை வைத்தாலும் பையர் அனுப்பும் ஆடிட்டர் குறித்துக்கொள்வார். ஐரோப்பியக்காரர் கேட்டால் மஞ்சள் கோடு வருகிறது. கேட்டைத் தாண்டி ஓர் அடி வைத்தால் கோடும் இல்லை, தரையும் இல்லை. அதே உடல்தானே வெளியே வருகிறது? சட்டம் இதை எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டது. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ நேரும் விபத்தையும் வேலையில் நேர்ந்த காயமாகக் கொள்ள வேண்டும் என்று ஈ.எஸ்.ஐ. சட்டத்தில் 2010-லேயே திருத்தம் செய்திருக்கிறார்கள். சட்டத்தின் கண்ணில் பி.என். ரோடும் கம்பெனியின் ஒரு தளம்தான். ஆடிட்டர்தான் அங்கே வருவதில்லை.

இதைச் சொன்னால் உடனே சிலர் கிளம்புகிறார்கள். வியாபாரிகள், வண்டி நிறுத்த இடம் போய்விடும், வியாபாரம் படுத்துவிடும் என்பார்கள். சென்னை பாண்டி பஜாரில் 2019-ல் அகல நடைபாதை திறந்தார்கள், அங்கே இன்றும் துணி விற்கிறது. இதற்கு மேல் அவர்களுக்குப் பதில் தேவையில்லை. பொறியாளர்கள் சாலை அகலம் போதாது என்பார்கள். மேம்பாலத் தூணுக்கு இடம் கண்டுபிடிப்பவர்கள் இவர்கள்தான். மூன்றாவது கோஷ்டி, இந்தக் காலத்தில் யார் சைக்கிள் ஓட்டுகிறார்கள் என்று கேட்கும். பிளஸ் ஒன் மாணவர்களுக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சத்துக்கு மேல் சைக்கிளை இலவசமாகக் கொடுக்கும் மாநிலத்தில் கேட்கிற கேள்வியா இது? சைக்கிளைக் கொடுத்த அரசு, ஓட்ட இடம் கொடுக்க மறந்தது. புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்களைச் சைக்கிள் மிதிக்க வைத்தது. அந்தப் பெண்களின் மகள்களும் பேத்திகளும் இன்று இங்கே பனியன் கம்பெனிகளில் இருக்கலாம். சைக்கிளில் வரச் சொல்லிப் பாருங்கள், பயமாக இருக்கிறது என்பார்கள். 2011 கணக்கெடுப்பின்படி, நாடு முழுவதும் விவசாயம் சாராத வேலைக்கு நடந்து போனவர்கள் நாலரைக் கோடி, சைக்கிளில் போனவர்கள் 2.6 கோடி, கார், ஜீப், வேன் எல்லாம் சேர்த்து 54 லட்சம்தான். பாதை யாருக்குப் போடுகிறோம் என்பதை இந்த மூன்று எண்களே சொல்கின்றன. 2023-ல் சாலையில் செத்த 1.72 லட்சம் பேரில் 35,221 பேர் நடந்து போனவர்கள்.

2030-க்குள் ஒரு லட்சம் கோடி வர்த்தகம் என்று இந்த ஊர் இலக்கு வைத்திருக்கிறது. அமெரிக்க வரி, பஞ்சு விலை, வங்கதேசப் போட்டி என்று காரணங்களை அடுக்கிக் கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள். கேட்டில் தொங்கும் ‘டைலர்கள் தேவை’ போர்டை மட்டும் யாரும் சாலையோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. ஐம்பது கிலோமீட்டர் வேன் அனுப்பி ஆள் கொண்டுவரும் முதலாளி, ஒரு கிலோமீட்டரில் குடியிருப்பவர் ஏன் வேலையை விட்டு நின்றார் என்று கேட்டதுண்டா? நடக்க வழியில்லாத ஊரில் ஆள் தங்காது. ஆள் பற்றாக்குறையில் பாதிக்கு மேல் இந்தச் சாலைகள்தான் காரணம் என்பது என் கட்சி. நடைபாதை இல்லாமல் ஒரு லட்சம் கோடி வராது என்றும் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

மாநகராட்சி டெல்லிப் பட்டியலுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. எட்டரை ஷிப்டுக்கு முன் எந்தத் தெருவில் எத்தனை பேர் நடக்கிறார்கள் என்று ஒரு வாரம் எண்ணட்டும். கூட்டம் அதிகமுள்ள முதல் பத்துத் தெருக்களில் ஸ்லாபைச் சமன்படுத்தி, மின்மாற்றியை நகர்த்தி, 1.8 மீட்டரை மீட்டு, சைக்கிளுக்கு ஒரு கோடு போடட்டும். செலவில் ஒரு பங்கை ஏற்றுமதியாளர்கள் தரட்டும். கேட்டுக்கு உள்ளே மஞ்சள் பெயின்ட் வாங்கியவர்களுக்கு வெளியே வாங்குவது பாரமில்லை. அதெல்லாம் முடிகிற வரை இந்த ஊரில் எந்தக் குளக்கரைக்கும் ஒரு பெஞ்சுகூட வாங்கக் கூடாது.