தலைக்கட்டு நோட்டைத் தேடி எடுங்கள்

விருதுநகர், சிவகாசி, சாத்தூர், இராஜபாளையம் வட்டார மக்களுக்கு, உங்கள் ஊர்க்காரர்கள் சிலர் விடுக்கும் வேண்டுகோள்.

2025 செப்டம்பர் 1 முதல் புதிய குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம் அமலில் இருக்கிறது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள் பாஸ்போர்ட், விசா இல்லாததற்காகத் தண்டிக்கப்பட மாட்டார்கள் என்று மத்திய அரசின் ஆணை சொல்கிறது. "அதான் தீர்ந்துபோச்சே" என்கிறார்கள் டீக்கடையில். எங்கே தீர்ந்தது? ஜெயில் இல்லை, அவ்வளவுதான். குடியுரிமை பற்றி ஒரு வரி இல்லை. முகாம் கணக்கெடுப்பு நாளில் வெளியூர் வேலையில் இருந்து பெயர் அடிபட்டவருக்கு அந்த விலக்கும் சந்தேகம். 2022 இலங்கைப் பொருளாதார நெருக்கடியில் தனுஷ்கோடி மணல்திட்டில் இறங்கியவர்களுக்கு அதுவும் கிடையாது.

எங்கள் ஆத்திரம் வேறு இடத்தில். வெளிநாட்டவர் அல்ல என்பதை அவரவரே நிரூபிக்க வேண்டும் என்றது 1946ஆம் ஆண்டுச் சட்டம். புதியதும் அதையே சொல்கிறது. சரி, அகதி என்பதை யாரிடம் நிரூபிப்பது? 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிக்கெனச் சட்டமும் இல்லை, தீர்ப்பாயமும் இல்லை. 2010இல் சன் சீ கப்பலில் கனடா போன 492 தமிழர்களை அந்த நாடு அடைத்து வைத்தது. ஆனாலும் அவர்கள் வழக்கைச் சொல்ல ஒரு வாரியம் இருந்தது. குல்லூர்சந்தை, அனுப்பன்குளம் முகாம்காரருக்கு இருப்பது போலீஸின் கியூ பிரிவு, தாசில்தார் ஆபீஸ், கையில் காசிருந்தால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட். தமிழக முகாம்களில் மட்டும் சுமார் 58,000 பேர், வெளியே 34,000 பேர். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் ஓர் இலங்கைத் தமிழரின் வழக்கில் எழுந்த கேள்வி, இந்தியா என்ன தர்மசத்திரமா என்பது.

முகாம்காரர்களில் பலர் மலையகத்தார். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணி கூட்டிப்போன நம் பக்கத்துச் சனத்தின் பேரப்பிள்ளைகள். 1948இல் இலங்கை அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கு போட்டது. 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று வைத்தது. இந்திய வம்சாவளியினரின் மனுவைப் பரிசீலிக்கும்படி 2019இல் மதுரைக் கிளை சொன்னது. 1987 ஜூலை 1க்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த பெண்ணுக்கு அந்த விதிப்படிதான் 2022இல் நீதிமன்றம் பாஸ்போர்ட் தரச் சொன்னது.

ஆகவே காகிதம்தான் உயிர். அது உங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. ஊர்க்கோயிலின் பழைய தலைக்கட்டு வரி நோட்டை எடுத்துப் பாருங்கள்: கரையான் தின்ற ஓரம் போக, "கண்டிக்குப் போனவர்" என்று எழுதிய ஒரு பெயர் கிடைக்கலாம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்களே, 1980களின் சேர்க்கைப் பதிவேட்டை எடைக்குப் போடாதீர்கள். பிரசவம் பார்த்த நர்சம்மாக்கள் உயிரோடு இருக்கும்போதே வாக்குமூலம் வாங்குங்கள்.

பெயிண்ட் வேலைக்கும் கட்டட வேலைக்கும் முகாம்காரர்களை வைத்த காண்டிராக்டர்களே! நாடு முழுவதற்கும் காலண்டர் அச்சடிக்கும் சிவகாசி நம் பக்கம்தான். இன்ன வருஷம் முதல் என்னிடம் வேலை செய்கிறார் என்று ஒரு தாளில் எழுதித் தர உங்களுக்கு ஏன் கை நடுங்குகிறது? போலீஸ் கேட்கும் என்ற பயமா? கேட்கட்டும், உண்மையைத்தானே சொல்லப்போகிறீர்கள். அந்த ஒரு கையெழுத்தைப் போடாதவர்கள், அடுத்த தேர்தலில் "தொப்புள்கொடி உறவு" என்று மேடையேற வேண்டாம். கீழே நின்று கேட்கும் கூட்டத்தில் நாங்களும் இருப்போம்.