மரம் காய்ப்பதற்குள் அடுத்த புயல்: கடலூர் – சிதம்பரம் பொருளாதாரம் எப்போது நிமிரும்?

2020 மே மாதத் தொடக்கம். தமிழ்நாட்டின் கொரோனா பட்டியலில் கடலூர் மாவட்டத்தின் எண்ணிக்கை சில நாட்களிலேயே மளமளவென்று ஏறியது. தொற்று வந்த வழி, கோயம்பேடு. சென்னை காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்கியும் சரக்கு இறக்கியும் பிழைத்தவர்கள், சந்தை முடங்கியதும் ஊர் திரும்பியிருந்தார்கள்.

அன்று எல்லோரும் பார்த்தது தொற்றுக் கணக்கை. அதற்குள் ஒரு பொருளாதாரக் கணக்கும் ஒளிந்திருந்தது. நெல், முந்திரி, பலா, மீன், பழுப்பு நிலக்கரி என எல்லாம் இருக்கிற ஒரு மாவட்டத்தின் உழைப்பாளிகள், சுமார் 180 கி.மீ. தள்ளிப் போய்த்தான் சம்பாதிக்க வேண்டியிருக்கிறது. ஏன்?

மந்தநிலையை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு நாட்டின் மொத்த உற்பத்தி தொடர்ந்து இரண்டு காலாண்டுகள் சுருங்கினால், அது பொருளாதார மந்தநிலை என்பது பொதுவான அளவுகோல். 2020 ஏப்ரல் – ஜூன் காலாண்டில் இந்தியப் பொருளாதாரம் 23.9% சுருங்கியதாக முதல் மதிப்பீடு சொன்னது. அடுத்த காலாண்டிலும் சுருக்கம்தான். அதன்பிறகு நாடு மீண்டுவிட்டது என்று புள்ளிவிவரங்கள் காட்டின.

ஆனால், மாவட்டத்துக்கென்று காலாண்டுக் கணக்கு எதுவும் வெளியாவதில்லை. அதனால் கடலூர் மீண்டதா, சிதம்பரம் மீண்டதா என்பதை வேறு இடங்களில்தான் தேட வேண்டும். கடைத்தெருவில் எத்தனை ஷட்டர் மூடியிருக்கிறது? அடகுக் கடைக்குப் போன நகை திரும்பி வந்ததா? பொங்கலுக்கு வந்த பிள்ளைகள் பொங்கல் முடிந்ததும் எங்கே பஸ் ஏறுகிறார்கள்? இந்தக் கேள்விகளுக்கான பதில்தான் உள்ளூர் ஜிடிபி.

அடி மேல் அடி

கடலூரைப் பொறுத்தவரை, மந்தநிலை என்பது 2020-ல் வந்து போன ஒரு விஷயம் இல்லை. 20 ஆண்டுகளைத் திரும்பிப் பார்த்தால் வரிசையே இருக்கிறது.

2004 டிசம்பர் 26: சுனாமி. மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மீனவக் கிராமங்களின் படகு, வலை, வீடு எல்லாம் போயின.

2011 டிசம்பர் 30: தானே புயல். பண்ருட்டி சுற்றுவட்டாரத்தில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன.

2015 நவம்பர்: பெருமழை. நெய்வேலியில் 24 மணி நேரத்தில் 48 செ.மீ. கொட்டியது.

2020: ஊரடங்கு.

2024 நவம்பர் 30: ஃபெஞ்சல் புயல். சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வீதம் திறந்துவிடப்பட்ட நீர், தென்பெண்ணை வழியாகக் கடலூர் வரை வந்து குடியிருப்புகளைச் சூழ்ந்தது.

இடைவெளிகளைக் கூட்டிப் பாருங்கள்: ஏழு ஆண்டுகள், நான்கு, ஐந்து, நான்கு. இப்போது பலா மரத்தை எடுத்துக்கொள்வோம். விதை போட்டு வளர்த்தால் காய்க்கவே ஏழெட்டு ஆண்டுகள் ஆகும். ஒட்டு முந்திரி மூன்றாம் ஆண்டில் காய்க்கத் தொடங்கினாலும், நல்ல மகசூலுக்கு இன்னும் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அதாவது, நட்ட மரம் கடனை அடைக்கத் தொடங்கும் நேரத்தில் அடுத்த அடி விழுகிறது. இங்கே பொருளாதாரம் வளராமல் இல்லை. வளர்ந்து முடிப்பதற்குள் மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. அதுதான் சிக்கல்.

நிவாரணம் போதாதா?

ஃபெஞ்சலுக்குப் பிறகு விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்குத் தலா 2,000 ரூபாய் அறிவிக்கப்பட்டது. சேதமான பல்லாண்டுப் பயிர்களுக்கும் மரங்களுக்கும் ஹெக்டேருக்கு 22,500 ரூபாய். ஏக்கர் கணக்கில் சொன்னால் சுமார் 9,100 ரூபாய்.

அவசரத்துக்கு இது உதவும், மறுப்பதற்கில்லை. ஆனால், நெல் ஒரு பருவ நஷ்டம். மரம் விழுந்தால் பல ஆண்டு வருமானம் ஒரே இரவில் போகிறது. பல ஆண்டு இழப்புக்கு ஒரே தவணையில் 9,100 ரூபாய் என்றால், நடுவில் இருக்கும் ஆண்டுகளுக்கு விவசாயி எங்கே போவார்? கோயம்பேட்டுக்குத்தான்.

'பெரிய கம்பெனி வந்தா சரியாகிடும்'

ஒவ்வொரு அடிக்குப் பிறகும் இங்கே கேட்கும் குரல் இது. 1956-ல் தொடங்கப்பட்ட நெய்வேலி என்எல்சி அந்த நம்பிக்கைக்கு அடித்தளம் போட்டது. ஒரு நிறுவனம் ஒரு நகரத்தையே உருவாக்கிக் காட்டியது. அதே நேரம், நிலம் கொடுத்த கிராமங்களோடு அதற்கு இருக்கும் உரசல் இன்னும் தீரவில்லை. 2023 ஜூலையில் வளையமாதேவியில் பயிர் நின்ற வயலில் இயந்திரங்கள் இறங்கிய காட்சிகள் மாநிலத்தையே அதிர வைத்தன.

அடுத்த பெரிய நம்பிக்கை, நாகார்ஜுனா ஆயில் கார்ப்பரேஷனின் சுத்திகரிப்பு ஆலை. ஆண்டுக்கு 60 லட்சம் டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் திட்டம். கட்டுமானம் நடந்துகொண்டிருந்தபோதே தானே புயல் தாக்கியது. பணிகள் நின்றன, கடன் ஏறியது, 2018-ல் நிறுவனத்தைக் கலைக்க உத்தரவானது. பிறகு ஹால்டியா பெட்ரோகெமிக்கல்ஸ் அதை வாங்கியது. ஆலை வரும் என்று நம்பிப் படித்த பையன்கள் முப்பதைத் தாண்டிவிட்டார்கள்.

2025-ல் கடலூர் அருகே மலையடிக்குப்பத்தில் காலணித் தொழில் பூங்காவுக்காக முந்திரி மரங்கள் அகற்றப்பட்டபோது விவசாயிகள் போராடினார்கள். அது அரசு நிலம் என்றது நிர்வாகம். தலைமுறை தலைமுறையாகப் பயிர் செய்த நிலம் என்றார்கள் அவர்கள். தொழிற்சாலை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. நாளை வரப்போகும் சம்பளத்துக்காக இன்று காய்க்கும் மரத்தை வெட்டினால், இடைப்பட்ட காலத்துக்கு யார் பொறுப்பு என்பதுதான் கேள்வி. மறுபடியும் அதே இடைவெளிக் கணக்கு.

சிதம்பரத்தின் கதை வேறு, பாடம் ஒன்று

கடலூரிலிருந்து சுமார் 45 கி.மீ. தெற்கே சிதம்பரம். இங்கே கோயிலுக்கு அடுத்து ஊரைத் தாங்கியது 1929-ல் தொடங்கப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகம். மெஸ், வாடகை அறை, ஜெராக்ஸ் கடை, ஆட்டோ என ஊரின் பாதி வியாபாரம் அதன் சம்பள நாளையும் செமஸ்டர் தேதியையும் நம்பி நடந்தது.

12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பணியாளர்களைச் சுமக்க முடியாமல் பல்கலைக்கழகம் நிதி நெருக்கடியில் சிக்க, 2013-ல் அரசு அதை ஏற்றது. உபரிப் பணியாளர்கள் ஆயிரக்கணக்கில் மற்ற அரசுத் துறைகளுக்கு மாற்றப்பட்டார்கள். 2022-ல் தொலைநிலைப் படிப்புகளின் அங்கீகாரம் குறித்து யுஜிசி எச்சரிக்கை விடுத்தது, அடுத்த அடி. வேலை பறிபோகாமல் காப்பாற்றப்பட்டது நல்ல விஷயம். ஆனால், வேறு மாவட்டத்துக்கு மாற்றலானவரின் சம்பளம் இப்போது அந்த ஊரின் மளிகைக் கடையில்தான் செலவாகிறது.

பாடம் ஒன்றுதான்: ஒரே தூணில் நிற்கும் ஊர், அந்தத் தூண் ஆடினால் மொத்தமாக ஆடும்.

நம்பிக்கை எங்கே இருக்கிறது?

இருக்கத்தான் செய்கிறது. விழுப்புரம் – நாகப்பட்டினம் நான்குவழிச் சாலை இரண்டு ஊர்களையும் புதுச்சேரியோடும் டெல்டாவோடும் நெருக்கமாக இணைக்கிறது. கடலூர் 2021-ல் மாநகராட்சி ஆனது. பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் 2025-ல் புவிசார் குறியீடு பெற்றன. பக்கத்திலேயே உளுந்தூர்பேட்டையில் காலணி உற்பத்தி கால் பதிக்கிறது. பிச்சாவரம் காடு, பரங்கிப்பேட்டை கடற்கரை, சிதம்பரம் கோயில் என ஒரே நாளில் சுற்றக்கூடிய சுற்றுலா வட்டமும் தயாராக இருக்கிறது.

ஆனால், புவிசார் குறியீடு கிடைத்தால் மட்டும் விலை கிடைத்துவிடாது. பண்ருட்டியின் முந்திரி ஆலைகள் உள்ளூர்க் கொட்டை போதாமல் ஆப்பிரிக்காவிலிருந்து இறக்குமதி செய்கின்றன. வியட்நாமின் மலிவான பருப்போடு போட்டி போடுகின்றன. பலாவோ, சீசனில் சாலையோரம் குவிந்து, விற்காவிட்டால் அழுகுகிறது. சிப்ஸ், மாவு, பழக்கூழ் என மதிப்புக் கூட்டும் கூடங்களும், மீனுக்குக் குளிர்பதனக் கிடங்குகளும் ஊருக்குள் பரவலாக வந்தால், கோயம்பேடு போகும் கைகளில் பாதிக்காவது இங்கேயே வேலை இருக்கும்.

அரசு முதலில் செய்ய வேண்டியவை மூன்று. ஒன்று, மரப் பயிர்களுக்கு ஒற்றைத் தவணை நிவாரணத்தோடு நிற்காமல், மீண்டும் காய்க்கும் வரை ஆண்டுதோறும் கைகொடுக்கும் காப்பீடு. இரண்டு, தென்பெண்ணை, கெடிலம், வெள்ளாறு, கொள்ளிடம் என எல்லா ஆற்று நீரும் கடலில் சேரும் வடிகால் மாவட்டம் இது என்பதை உணர்ந்து, கரைகளையும் முகத்துவாரங்களையும் மழைக்கு முன்பே சீர்செய்வது. மூன்று, நிலம் எடுக்கும் இடங்களில் தொழிற்சாலை சம்பளம் தொடங்கும் வரை பழைய வருமானத்துக்கு ஈடு.

இவை எதிலும் அடிக்கல் நாட்டு விழா பிரமாண்டம் இல்லை. கோடிக்கணக்கான முதலீடு என்று தலைப்புச் செய்தியும் வராது. ஆனால், அடுத்த புயலைத் தடுக்க யாராலும் முடியாது. அது வந்த பிறகு எழுந்து நிற்க ஏழு ஆண்டுகளா, இரண்டு ஆண்டுகளா என்பதை மட்டும் இப்போதே முடிவு செய்யலாம்.

அப்படி முடிவு செய்யாதவரை, ஒவ்வொரு ஞாயிறு இரவும் கடலூரிலும் சிதம்பரத்திலும் சென்னை பஸ் நிரம்பித்தான் கிளம்பும்.